கிளைசின்

கிளைசின் என்பது புரதங்களை ஆக்கும் இருபது அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதும், மிக எளிய கட்டமைப்பு உடையதும் ஆகும். இதன் மூலக்கூறு ஒன்றில் இரண்டு கார்பன், ஐந்து ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. மூலக்கூற்று நிறை 75.07 ஆகும். வேதியியல் முறைப்படி இது அமினோ அசிட்டிக் அமிலம் எனப்படுகிறது. காடியின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தில், மெத்தில் தொகுதியின் ஒரு ஹைட்ரஜனை நீக்கி அவ்விடத்தில் ஓர் அமினோ தொகுதியை வைத்தால் கிளைசின் கிடைக்கும். தூய நிலையில் இது நிறமற்றது, நீரில் நன்கு கரைவது, இனிப்புச் சுவை உடையது.

மனித உடல் இதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். ஆகவே பாடநூல்கள் இதனை இன்றியமையாத அமினோ அமிலங்களின் பட்டியலில் சேர்ப்பதில்லை. இந்த வகைப்பாடு உணவைப் பற்றியதே அன்றி, உடலில் இதன் பயனைப் பற்றியது அன்று. குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீம், மரபுப்பொருளில் உள்ள பியூரின் காரங்கள், தசைக்கு ஆற்றல் சேமிக்கும் கிரியாட்டின், உயிரணுக்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் குளூட்டாதயோன், எலும்பையும் தோலையும் தாங்கும் கொலாஜன் ஆகிய அனைத்தும் கிளைசின் இன்றி உருவாவதில்லை. தண்டுவடத்தில் நரம்புகளை அடக்கும் வேதிக்கடத்தியும் இதுவே.

பெயரும் வரலாறும்

பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிரக்கோனோ 1820-இல் ஜெலட்டினைக் கந்தக அமிலத்துடன் சேர்த்துக் கொதிக்கவைத்து, இனிப்பான ஒரு படிகத்தைப் பிரித்தெடுத்தார். மரத்தூளையும் துணியையும் அமிலத்தால் பிளந்து சர்க்கரை பெறும் முறையை அவர் முன்னரே கண்டிருந்தார். ஆகவே இதையும் ஒரு சர்க்கரை என்றே கருதி, ஜெலட்டின் சர்க்கரை எனப் பெயரிட்டார். சுவையை மட்டும் வைத்துப் பார்த்தால் அது இயல்பான முடிவே. அதில் நைட்ரஜன் இருப்பதை 1838-இல் புசாங்கோ காட்டிய பின்னரே அது சர்க்கரை அன்று என்பது தெளிவாயிற்று.

1847-இல் லீபிக்கின் மாணவரான அமெரிக்கர் எபென் ஹார்ஸ்ஃபோர்டு இதற்குக் கிளைக்கோகால் என்னும் பெயரை முன்மொழிந்தார். இனிப்பு, பசை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. மறு ஆண்டே பெர்சீலியசு அதனைச் சுருக்கிக் கிளைசின் என்றார். அசிட்டிக் அமிலத்தின் அமினோ வழிப்பொருள்தான் இது என்பதை 1858-இல் ஒகுஸ்த் காவூர் உறுதிசெய்தார். கண்டுபிடிப்புக்கும் கட்டமைப்பு உறுதியானதற்கும் இடையே 38 ஆண்டுகள் கடந்தன.

சோயா மொச்சையின் தாவரவியல் பேரினப் பெயரும் கிளைசின் என்பதே. இரண்டு பெயர்களும் இனிப்பைக் குறிக்கும் ஒரே கிரேக்க வேரிலிருந்து தனித்தனியே பிறந்தவை. இவற்றுக்கிடையே வேறு தொடர்பு இல்லை. கிளிசரின், குளூக்கோசு ஆகிய பெயர்களும் அதே வேரிலிருந்து வந்தவையே.

கட்டமைப்பும் வேதிப் பண்புகளும்

எல்லா அமினோ அமிலங்களிலும் ஒரு நடுக் கார்பன் அணு உண்டு. அதனுடன் அமினோ தொகுதி, கார்பாக்சில் தொகுதி, ஹைட்ரஜன், பக்கச் சங்கிலி ஆகிய நான்கும் பிணைந்திருக்கும். கிளைசினில் பக்கச் சங்கிலியின் இடத்திலும் ஹைட்ரஜனே உள்ளது. நடுக் கார்பனோடு ஒரே வகை அணுக்கள் இரண்டு பிணைந்திருப்பதால், இதற்கு வலக்கை, இடக்கை போன்ற ஆடி வடிவங்கள் இல்லை. புரத அமினோ அமிலங்களுள் ஒளியின் தளத்தைச் சுழற்றாதது இது ஒன்றே.

நீரிலும் படிகத்திலும் கிளைசின் மின்னேற்றமற்ற மூலக்கூறாக இருப்பதில்லை. கார்பாக்சில் தொகுதி தன் புரோத்தனை இழந்து எதிர்மின்னேற்றமும், அமினோ தொகுதி அதைப் பெற்று நேர்மின்னேற்றமும் கொள்கின்றன. இவ்வாறு ஒரே மூலக்கூறில் இரு மின்னேற்றங்களும் அமைந்த நிலை இருமுனை அயனி எனப்படும். 75 மட்டுமே மூலக்கூற்று நிறை கொண்ட ஒரு கரிமப்பொருள் அறை வெப்பநிலையில் உப்பைப் போன்ற திண்மமாக இருப்பதற்கும், சுமார் 233 பாகை செல்சியசில் உருகும்போதே சிதைவதற்கும் இதுவே காரணம். ஒப்பிட்டுப் பார்க்க, அசிட்டிக் அமிலம் 17 பாகைக்கு அருகிலேயே உருகிவிடுகிறது. 25 பாகையில் 100 மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 25 கிராம் கிளைசின் கரையும். எத்தனாலில் மிகச் சிறிதளவே கரையும்.

கிளைசினின் கார்பாக்சில் தொகுதிக்கு அமில மாறிலி மதிப்பு 2.34, அமினோ தொகுதிக்கு 9.60 (மடக்கை அளவில்). இவ்விரண்டின் சராசரியான 5.97 காரகாடித்தன்மைச் சுட்டெண்ணில் மூலக்கூறின் நிகர மின்னேற்றம் சுழியாகும். இவ்விரு மதிப்புகளின் அருகிலும் கிளைசின் சிறந்த தாங்கல் கரைசலாகச் செயற்படுகிறது. புரதங்களை மின்புலத்தில் பிரிக்கும் ஆய்வகங்களில் அன்றாடம் பயன்படும் கரைசலில் கிளைசின் இருப்பது இப்பண்புகளால்தான்.

கிளைசின் ஆல்ஃபா, பீட்டா, காமா என்னும் மூன்று படிக வடிவங்களில் கிடைக்கிறது. தூய நீரிலிருந்து படிவது பெரும்பாலும் ஆல்ஃபா. ஆனால் அறை வெப்பநிலையில் மிகுந்த நிலைப்பு உடையது காமா வடிவமே. காமா வடிவத்தை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும்.

தயாரிப்பு

தொழிற்சாலைகளில் கிளைசின் இரண்டு வழிகளில் பெருமளவில் ஆக்கப்படுகிறது. குளோரோ அசிட்டிக் அமிலத்தை அம்மோனியாவுடன் வினைபுரியச் செய்வது ஒன்று. ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு, அம்மோனியா ஆகியவற்றிலிருந்து அமினோ அசிட்டோநைட்ரைலைப் பெற்று, அதனை நீராற்பகுப்பது மற்றொன்று. பின்னது அடோல்ஃப் ஸ்டிரெக்கர் 1850-இல் அலனினுக்காகக் கண்ட முறையின் வழிவந்தது. கொடிய நஞ்சுகளிலிருந்து ஓர் உணவுச் சேர்பொருள் கிடைப்பது வியப்பாகத் தோன்றலாம். இதே வினை உயிர் தோன்றுவதற்கு முந்தைய புவியிலும் நிகழ்ந்திருக்கலாம் என்பது இதன் மற்றொரு சிறப்பு.

உடலில் கிளைசின் உருவாகும் வழிகள்

கிளைசினின் முதன்மை மூலம் செரின் என்னும் அமினோ அமிலம். செரினோ குளூக்கோசு சிதைவின் இடைப்பொருளான 3-பாஸ்போகிளிசரேட்டிலிருந்து வருகிறது. எனவே சோற்றில் உள்ள மாவுப்பொருளிலிருந்தும் உடலால் கிளைசினின் கார்பன் கட்டமைப்பைப் பெற முடியும்.

செரினைக் கிளைசினாக மாற்றும் நொதி செரின் ஹைட்ராக்சிமெத்தில் மாற்றி ஆகும். இது செரினின் பக்கச் சங்கிலியிலுள்ள ஒரு கார்பனை வெட்டி, டெட்ராஹைட்ரோஃபோலேட்டு என்னும் துணைப்பொருளிடம் ஒப்படைக்கிறது. எஞ்சுவது கிளைசின். உயிர்ச்சத்து பி6-இலிருந்து வரும் பிரிடாக்சால் பாஸ்பேட்டும், ஃபோலிக் அமிலத்திலிருந்து வரும் டெட்ராஹைட்ரோஃபோலேட்டும் இவ்வினைக்குத் தேவை. ஒப்படைக்கப்பட்ட ஒற்றைக் கார்பன் வீணாவதில்லை. மரபுப்பொருளின் தைமின் போன்றவற்றை ஆக்க அது பயன்படுகிறது.

இவ்வினையில் ஒரு கட்டுப்பாடு மறைந்துள்ளது. ஒரு கிளைசின் உருவானால் ஓர் ஒற்றைக் கார்பன் அலகும் கூடவே உருவாகும். உடல் அந்த அலகுகளைச் செலவழிக்கும் வேகத்துக்கு மேல் இவ்வழியில் கிளைசினைக் குவிக்க இயலாது. இதனை அடிப்படையாகக் கொண்டு எசுப்பானியாவின் மெலந்தெஸ்-எவியாவும் அவருடன் பணியாற்றியோரும் 2009-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். அதன்படி மனித உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் கிளைசினை ஆக்குகிறது. உணவிலிருந்து 1.5 முதல் 3 கிராம் கிடைக்கிறது. கொலாஜன் உட்பட எல்லாத் தேவைகளுக்கும் சேர்த்தால், 70 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சுமார் 10 கிராம் பற்றாக்குறை ஏற்படுகிறது. இது நேரடி அளவீடு அன்று, மதிப்பீடுகளின் மேல் எழுப்பப்பட்ட கணிப்பு. உணவில் கிளைசினைக் கூட்டினால் எல்லோருக்கும் நன்மை என்று இதிலிருந்து முடிவுசெய்துவிட முடியாது. எனினும் கிளைசினைச் சூழ்நிலையைப் பொறுத்து இன்றியமையாதது என வகைப்படுத்த வேண்டும் என்னும் வாதத்துக்கு இது வலுச் சேர்த்தது. குறைமாதக் குழந்தைகளின் உடலால் போதிய அளவு ஆக்க முடியாமற் போகலாம் என்பதும் இவ்வாதத்தின் ஒரு பகுதி.

கோலினிலிருந்து பீட்டைன், டைமெத்தில் கிளைசின், சார்கோசின் எனப் படிப்படியாக மெத்தில் தொகுதிகள் கழன்றும் கிளைசின் உருவாகிறது. கிளையாக்சிலேட்டு அமினோ தொகுதியைப் பெற்றும் கிளைசின் ஆகலாம். திரியோனினிலிருந்து வரும் பங்கு மனிதரில் சிறிது.

கிளைசின் சிதைவு

கிளைசினை உடைக்கும் முதன்மை வழி கிளைசின் பிளவு அமைப்பு ஆகும். இது ஒரே நொதி அன்று. இழைமணிகளின் உள்ளே இயங்கும் நான்கு புரதங்களின் கூட்டு. முதற்புரதம் கிளைசினின் கார்பாக்சில் தொகுதியைக் கார்பன் டைஆக்சைடாக வெளியேற்றுகிறது. எஞ்சிய துண்டை லிப்போயிக் அமிலக் கை ஒன்றில் ஏந்தியபடி இரண்டாம் புரதம் மூன்றாவதிடம் கொண்டுசெல்கிறது. மூன்றாம் புரதம் அதிலிருந்து அம்மோனியாவைப் பிரித்து, கார்பனை டெட்ராஹைட்ரோஃபோலேட்டுக்குத் தருகிறது. நான்காவது புரதம் அந்தக் கையை மீண்டும் பயன்படும் நிலைக்குக் கொணர்கிறது. ஆக, கிளைசினின் இரண்டு கார்பன்களுள் ஒன்று மூச்சில் வெளியேறும், மற்றொன்று ஃபோலேட்டு வழியாக வேறொரு மூலக்கூறில் இடம்பெறும்.

இவ்வமைப்பு பிறவியிலேயே பழுதானால் ஏற்படுவது கிளைசின் மூளைநோய். இது பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெறும் குழந்தைகளுக்கு வரும் அரிய நோய். பெரும்பாலோரில் முதற்புரதத்துக்கான மரபணுவே பழுதாகியிருக்கும். கடுமையான வகையில், பிறந்த சில நாட்களிலேயே குழந்தை துவண்டு, பால் குடிக்காமல், உறக்கநிலையில் ஆழ்கிறது. வலிப்பும், விடாத விக்கலும், மூச்சுத் தடையும் தோன்றுகின்றன. மூளைத் தண்டுவட நீரிலுள்ள கிளைசின் அளவைக் குருதியிலுள்ள அளவோடு ஒப்பிட்டு நோய் அறியப்படுகிறது. இயல்பாக 0.02-ஐ ஒட்டியிருக்கும் இவ்விகிதம், இந்நோயின் கடுமையான வகையில் 0.08-ஐத் தாண்டும். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. குருதியில் கிளைசினைக் குறைக்கச் சோடியம் பென்சோயேட்டும், மூளையில் அதன் தூண்டலைத் தடுக்க டெக்ஸ்ட்ரோமெத்தார்பானும் கொடுக்கப்படுகின்றன.

சோடியம் பென்சோயேட்டு ஊறுகாய், பழச்சாறு போன்றவற்றைக் கெடாமற் காக்கும் பொருள். அது இந்நோய்க்கு மருந்தாவதன் பின்னணி 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1829-இல் லீபிக் குதிரைச் சிறுநீரிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து, குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஹிப்பியூரிக் அமிலம் என்று அழைத்தார். 1840-களில், பென்சோயிக் அமிலத்தை விழுங்கிய மனிதரின் சிறுநீரிலும் ஹிப்பியூரிக் அமிலம் வெளிவருவது தெரிந்தது. பென்சோயிக் அமிலத்தைக் கல்லீரல் கிளைசினோடு பிணைத்து வெளியேற்றுகிறது. உண்ட பொருளை உடல் வேறொன்றாக மாற்றி வெளியேற்றுவதற்குக் கிடைத்த முதற் சான்றுகளுள் இதுவும் ஒன்று. அங்கே கிளைசின் நச்சகற்றும் பொருள், இங்கே கிளைசினையே அகற்றுவது நோக்கம். வினை ஒன்றுதான்.

சிறுபகுதிக் கிளைசின் கிளையாக்சிலேட்டாக மாறுகிறது. கல்லீரலில் ஒரு நொதி கிளையாக்சிலேட்டை மீண்டும் கிளைசினாக மாற்றிவிடும். அந்நொதி பழுதானால் கிளையாக்சிலேட்டு ஆக்சலேட்டாகி, கால்சியத்துடன் சேர்ந்து சிறுநீரகங்களில் கற்களாகப் படியும். முதல்நிலை ஹைப்பர்ஆக்சலூரியாவின் முதல் வகை எனப்படும் இந்நோய் சிறுவயதிலேயே சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. கிளையாக்சிலேட்டு உருவாவதையே குறைக்கும் லுமாசிரான் என்னும் மருந்துக்கு 2020-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் கிடைத்தது.

நெல், கோதுமை போன்ற தாவரங்களில் கிளைசின் சிதைவுக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு. ஒளிச்சேர்க்கையின் முதன்மை நொதி சிலவேளை கார்பன் டைஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பற்றிவிடுகிறது. அதனால் தோன்றும் பயனற்ற பொருளை மீட்கும் ஒளிச்சுவாசம் என்னும் சுற்றில், இரண்டு கிளைசின் மூலக்கூறுகள் இழைமணியில் ஒரு செரினாகின்றன. ஒரு கார்பன் டைஆக்சைடும் ஓர் அம்மோனியாவும் வெளியாகின்றன. இலையின் இழைமணிகளில் கரையும் புரதத்தின் மிகப் பெரும்பங்கு இப்பிளவு அமைப்பே என்பதிலிருந்து இதன் அளவை உணரலாம்.

ஹீமும் ஷெமினின் ஆய்வும்

குருதிச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீம், நடுவே இரும்பு பொதிந்த ஒரு வளையம். வளையத்தில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அவை எங்கிருந்து வருகின்றன என்பதைக் கண்டறிந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஷெமின். இயற்கையில் மிகுதியாக உள்ள நைட்ரஜனின் அணுநிறை 14. அரிதாகக் கிடைக்கும் கன வகையின் அணுநிறை 15. அது கதிரியக்கம் அற்றது, நிறமாலைமானியால் நிறையை வைத்து அடையாளம் காணத்தக்கது. 1940-களின் நடுவில் ஷெமின் கன நைட்ரஜன் செறிந்த கிளைசினைத் தயாரித்து, மூன்று நாட்களில் 66 கிராம் அளவுக்குத் தாமே உட்கொண்டார். பிறகு மாதக்கணக்கில் தம் குருதியை எடுத்து ஆராய்ந்தார்.

கன நைட்ரஜன் ஹீமில் சேர்ந்தது. அதைவிட முக்கியமானது அது குறைந்த விதம். உடலின் பெரும்பாலான புரதங்கள் ஓயாமல் சிதைந்து புதுப்பிக்கப்படுவதால், அவற்றில் சேர்ந்த அடையாள அணு உடனே குறையத் தொடங்கும். ஷெமினின் ஹீமில் அது உயர்ந்து, பல வாரங்கள் ஏறத்தாழ அதே அளவில் நின்று, பின்னரே சரிந்தது. ஒரு சிவப்பணுவில் இடம்பெற்ற ஹீம் அவ்வணு அழியும்வரை மாற்றப்படுவதில்லை என்பதும், அணுக்கள் முதுமையடைந்த பின் அழிகின்றன என்பதும் இதன் பொருள். அவரும் டேவிட் ரிட்டன்பெர்க்கும் 1946-இல் வெளியிட்ட கட்டுரை மனிதச் சிவப்பணுவின் சராசரி ஆயுளை 127 நாட்கள் எனக் கணித்தது. இன்று சுமார் 120 நாட்கள் எனப் பாடநூல்கள் கூறுவது இம்மதிப்பை ஒட்டியதே. நைட்ரஜனின் மூலத்தைத் தேடிய ஆய்வு சிவப்பணுவின் ஆயுளையும் அளந்து தந்தது.

ஹீம் தொகுப்பின் முதற்படியில் கிளைசினும் சக்சினைல் துணைநொதி ஏ-யும் இணைந்து டெல்டா அமினோலெவுலினிக் அமிலம் உருவாகிறது. அப்போது கிளைசினின் கார்பாக்சில் கார்பன் வெளியேறுகிறது. இவ்வமிலத்தின் எட்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு வளையம் ஆகின்றன. எனவே ஒரு ஹீமுக்கு எட்டுக் கிளைசின் தேவை. வளையத்தின் நான்கு நைட்ரஜன்களும், 34 கார்பன்களுள் 8-உம் கிளைசினிலிருந்து வந்தவை. இப்படியை நடத்தும் நொதிக்கும் உயிர்ச்சத்து பி6 வேண்டும். அந்நொதியின் மரபணுப் பிறழ்வால் வரும் ஒருவகை இரத்தசோகை பல நோயாளிகளில் இவ்வுயிர்ச்சத்தைக் கொடுத்தால் தணிகிறது. தாவரங்கள் பச்சையத்துக்காக இதே அமிலத்தைக் குளூட்டமேட்டிலிருந்து ஆக்குகின்றன, கிளைசினிலிருந்து அன்று.

பிற சேர்மங்கள்

பியூரின் வளையத்தில் கிளைசின் மூலக்கூறு துண்டாகாமல் முழுமையாக நுழைகிறது. வளையத்தின் 4, 5 ஆம் கார்பன்களும் 7 ஆம் நைட்ரஜனும் அதனுடையவை. சிறுநீரகத்தில் ஆர்ஜினினின் ஒரு பகுதி கிளைசினுக்கு மாற்றப்பட்டு, கல்லீரலில் மெத்தில் தொகுதி ஏறிக் கிரியாட்டின் கிடைக்கிறது. குளூட்டமேட்டு, சிஸ்டைன், கிளைசின் மூன்றும் தொடுத்தது குளூட்டாதயோன். பித்த அமிலங்கள் கிளைசினோடு பிணைந்து கிளைக்கோகோலிக் அமிலம் போன்றவையாகிக் கொழுப்பைக் கரைக்க உதவுகின்றன. இரண்டு கிளைசின்கள் இணைந்த கிளைசில்கிளைசினை எமில் பிஷ்ஷர் 1901-இல் தயாரித்தார். செயற்கையாகத் தொகுக்கப்பட்ட முதல் இருபெப்டைடு என அது போற்றப்படுகிறது.

புரதங்களில் கிளைசின்

மரபுக்குறியீட்டில் முதல் இரண்டு எழுத்துகளும் குவானினாக இருந்தால், மூன்றாவது எதுவாயினும் அது கிளைசினைக் குறிக்கும். ஆக இதற்கு நான்கு முக்குறியங்கள் உள்ளன.

பக்கச் சங்கிலி இல்லாததால் கிளைசின் உள்ள இடத்தில் புரத இழை மற்ற இடங்களைவிட எளிதாக வளையும். இதனைத் துல்லியமாக வரையறுத்த ஆய்வு சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கோ. நா. இராமச்சந்திரன், ச. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட வரைபடம், புரத இழையின் இரு திருப்புக் கோணங்களுக்கு எந்தெந்த மதிப்புகள் இயலும் என்பதைக் காட்டுகிறது. அணுக்கள் ஒன்றோடொன்று மோதாத மதிப்புகளே இயலும். மற்ற அமினோ அமிலங்களுக்கு இவ்வரைபடத்தில் சிறு தீவுகள் போன்ற பகுதிகளே வாய்க்கின்றன. கிளைசினுக்கோ படத்தின் பெரும்பகுதி திறந்திருக்கிறது. அதன் பரப்பு நடுப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீராகவும் உள்ளது. ஆடி வடிவங்கள் இல்லாத மூலக்கூறு என்பதன் நேரடி விளைவு அது.

இவ்வரைபடத்துக்கு முன்னோடியாக அமைந்தது கொலாஜன் ஆய்வு. 1952-இல் சென்னைக்கு வந்த பிரித்தானிய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று இராமச்சந்திரனிடம் சுட்டிக்காட்டினார். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் மூன்று இழைகள் கொண்ட வடிவத்தையும், 1955-இல் அவ்விழைகள் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றிய வடிவத்தையும் முன்வைத்தனர். அவர்களுக்கு வழிகாட்டிய தகவல்களுள் ஒன்று, கொலாஜனின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பதாகும். மூன்று இழைகளும் நெருங்கிச் சுற்றும்போது ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஓர் இடம் அச்சை நோக்கி உட்புறம் அமைகிறது. அங்கே ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு மட்டுமே இடம் உண்டு. அவ்விடத்தில் பொருந்தக்கூடிய ஒரே அமினோ அமிலம் கிளைசின்.

முதல் வகைக் கொலாஜனின் ஓர் இழையில் சுருளாக அமையும் பகுதி 1014 அமினோ அமிலங்கள் நீளம். அதில் மூன்றுக்கு ஒன்று என 338 இடங்களில் கிளைசின் உள்ளது. இவற்றுள் ஒன்று மாறினாலும் பழுது நேரலாம். கிளைசினின் முக்குறியத்தில் முதல் அல்லது இரண்டாம் எழுத்து ஒன்று மாறினால் அலனின், செரின், சிஸ்டைன், ஆர்ஜினின், வேலின், அஸ்பார்டிக் அமிலம் முதலியவற்றுள் ஒன்று அங்கே வந்துவிடும். மூவிழைச் சுருள் ஒரு முனையிலிருந்து மற்றதற்குப் பல்லிணைப்பான் மூடுவதுபோல் உருவாகிறது. பருத்த பக்கச் சங்கிலி குறுக்கிட்ட இடத்தில் சுருளல் தாமதமாகி, இழைகள் சீர்கெடுகின்றன. இதனால் ஏற்படுவது எலும்பு எளிதில் முறியும் பிறவிநோய். கடுமையான வகைகளில் கருவிலேயே எலும்புகள் முறிந்திருக்கும். மென்மையான வகையினர் பல முறிவுகளோடும் முழு ஆயுள் வாழ்கின்றனர். கொலாஜனின் அளவு பாதியானால் நோய் பெரும்பாலும் மென்மையாகவே அமைகிறது, பிழையான கொலாஜன் கலந்தாலோ கடுமையாகிறது. கட்டுமானப் பொருள் குறைவதைவிட, சேர்ந்த பொருளில் பழுது இருப்பது கேடு மிகுந்தது என இதனைப் புரிந்துகொள்ளலாம்.

மல்பெரிப் பட்டுப்புழுவின் பட்டிழைப் புரதத்திலும் ஏறத்தாழ 45 விழுக்காடு அமினோ அமிலங்கள் கிளைசினே. அங்கே ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கிளைசின் தகடுகள் நெருங்கி அடுக்கப்பட உதவுகிறது.

நரம்புக்கடத்தி

தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் கிளைசின் அடக்கும் நரம்புக்கடத்தியாகச் செயற்படுகிறது. இதனை 1965-இல் அப்ரிசனும் வெர்மனும் முன்மொழிந்தனர். கிளைசின் ஏற்பி ஐந்து துணைப்புரதங்கள் சேர்ந்த ஒரு வாயில். கிளைசின் அமர்ந்ததும் அது திறந்து குளோரைடு அயனிகளை உள்ளே விடுகிறது. அதனால் நரம்பணு தூண்டப்படுவது கடினமாகிறது. கையை மடக்கும்போது நீட்டும் தசை தளர்வதற்கு இத்தகைய அடக்குதல் வேண்டும்.

எட்டி மரத்தின் விதையிலுள்ள ஸ்டிரிக்னின் இவ்வேற்பியைத் தடுக்கிறது. தமிழில் கசப்புக்கும் நஞ்சுக்கும் எடுத்துக்காட்டாகவே ஆகிவிட்ட எட்டிக்காயின் நச்சுத்தன்மைக்கு மூலக்கூற்று விளக்கம் இதுதான். அடக்கும் சமிக்ஞை இல்லாதபோது எதிரெதிர்த் தசைகள் ஒருசேர இறுகுகின்றன. சிறு ஒலியோ தொடுதலோ உடல் முழுவதையும் வில்லாய் வளைக்கும் வலிப்பைத் தூண்டும். நஞ்சுண்டவர் பெரும்பாலும் நினைவோடு இருந்தே இதை அனுபவிக்கிறார். மூச்சுத் தசைகள் இறுகுவதால் மரணம் நேர்கிறது. டெட்டனஸ் நோயில் நிகழ்வதும் இதை ஒத்ததே. ஆனால் அங்கே நஞ்சு ஏற்பியைத் தடுப்பதில்லை, கிளைசினும் காபா என்னும் கடத்தியும் நரம்பு முனையிலிருந்து வெளிவருவதைத் தடுக்கிறது. ஏற்பியின் மரபணு பழுதாகிப் பிறப்பவர்களுக்குச் சிறு அதிர்ச்சியிலும் உடல் விறைக்கும் மிகைத்திடுக்கம் என்னும் நோய் உண்டாகிறது.

மூளையின் மேற்பகுதிகளில் கிளைசினின் பங்கு நேர்மாறானது. அங்குள்ள என்.எம்.டி.ஏ ஏற்பி குளூட்டமேட்டால் தூண்டப்படுவது. அதனோடு கிளைசினும் அமர்ந்தாலே அது நன்கு திறக்கும் என ஜான்சனும் ஆஷெரும் 1987-இல் காட்டினர். கிளைசின் மூளைநோயில் குழந்தை ஒரே சமயத்தில் துவண்டும் வலிப்புற்றும் இருப்பதை இந்த இரட்டைப் பங்கு ஓரளவு விளக்குகிறது.

உணவும் பயன்பாடுகளும்

ஜெலட்டின், தோல், குருத்தெலும்பு, எலும்புச் சாறு ஆகியவற்றில் கிளைசின் மிகுதி. இறால், நண்டு ஆகியவற்றின் இறைச்சியில் உணரப்படும் இளம் இனிப்புக்குக் கட்டற்ற நிலையிலுள்ள கிளைசின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. உணவுத் தொழிலில் சுவையூட்டியாக 640 என்னும் சேர்பொருள் எண்ணுடன் இது பயன்படுகிறது.

முன்னிற்கும் சுரப்பியைச் சிறுநீர்வழியே கருவி செலுத்தி அகற்றும் அறுவையில், பார்வைப்புலத்தைக் கழுவ 1.5 விழுக்காட்டுக் கிளைசின் கரைசல் நெடுங்காலம் பயன்பட்டது. அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதே காரணம். கரைசல் மிகுதியாகக் குருதியில் கலந்தால் சோடியம் தாழ்ந்து, குழப்பமும் தற்காலிகப் பார்வையிழப்பும் ஏற்படலாம். விழித்திரையிலும் கிளைசின் அடக்கும் கடத்தியாக இருப்பது இப்பார்வையிழப்புக்குக் கூறப்படும் ஒரு விளக்கம். உப்புக் கரைசலில் இயங்கும் மின்கருவிகள் வந்தபின் இதன் பயன்பாடு குறைந்துள்ளது. களைக்கொல்லியான கிளைஃபோசேட்டும் வேதியியல் முறையில் கிளைசினின் வழிப்பொருளே.

விண்வெளியில்

1953-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றினூடே மின்பொறியைச் செலுத்தியபோது தோன்றிய அமினோ அமிலங்களுள் கிளைசினும் இருந்தது. 1969-இல் ஆத்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் கிளைசின் முதலிய அமினோ அமிலங்கள் இருப்பதை, இலங்கையில் பிறந்த சிரில் பொன்னம்பெருமா உள்ளிட்ட குழு 1970-இல் அறிவித்தது.

விண்கல் புவியில் விழுந்தபின் மாசுபட்டிருக்கலாம் என்னும் ஐயம் எப்போதும் எழும். மற்ற அமினோ அமிலங்களில் வலக்கை, இடக்கை வடிவங்களின் விகிதத்தைப் பார்த்து மாசை ஓரளவு கண்டறியலாம். கிளைசினுக்கு ஆடி வடிவங்களே இல்லாததால் அச்சோதனை இதற்குப் பயன்படாது. எனவே அணுக்களின் ஐசோடோப்பு விகிதமே துணை. வைல்டு 2 வால்வெள்ளியின் தூசியை ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006-இல் கொண்டுவந்தது. அதிலிருந்த கிளைசினின் கார்பன் புவிக்கு அப்பாலானது என்பது இவ்வழியில்தான் 2009-இல் உறுதியாயிற்று. ரொசெட்டா விண்கலம் 67பி வால்வெள்ளியின் சூழலிலேயே கிளைசினை அளந்ததை 2016-இல் அறிவித்தனர். ரியூகு, பென்னு ஆகிய சிறுகோள்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணிலும் முறையே 2022, 2025 ஆம் ஆண்டுகளில் இது இருப்பதாக அறிவிக்கப்பட்டது. விண்மீன்களுக்கிடையேயுள்ள முகிலில் கிளைசினைக் கண்டதாக 2003-இல் வெளியான அறிவிப்பை மட்டும், 2005-இல் நடந்த மறு ஆய்வு ஏற்கவில்லை.